டெலிசென்டர்: ஊர்த் தகவலகம்

சொந்தமாகக் கணினியோ இணைய இணைப்போ வாங்க வசதியில்லாத ஊரக மக்கள் பொதுவில் பயன்படுத்திக்கொள்வதற்காக, அவற்றை ஓரிடத்தில் அமைத்து, உதவிக்கு ஓர் ஆளையும் அமர்த்தி நடத்தும் நிலையத்தை டெலிசென்டர் என்பர். மணிக்கணக்கில் காசு கொடுத்துக் கணினியைப் பயன்படுத்தும் பிரௌசிங் சென்டரிலிருந்து இதை வேறுபடுத்துவது அந்த ஆள்தான். எழுத்தறியாதவருக்குப் படித்துச் சொல்வதும், விண்ணப்பம் நிரப்பித் தருவதும், வந்த செய்தி இந்த ஊருக்குப் பொருந்துமா என்று பார்த்துச் சொல்வதும் அவர் வேலை.

சொல்லின் முற்பகுதியான டெலி, கிரேக்க மொழியில் ‘தொலைவில்’ என்று பொருள்படுவது. தொலைபேசி, தொலைக்காட்சி ஆகியவற்றில் நாம் அதை அப்படியே பெயர்த்துக்கொண்டோம். பிற்பகுதிக்கு மூலமான கென்ட்ரான் என்ற கிரேக்கச் சொல் முதலில் கூர்முனையை, மாட்டை முடுக்கும் தாற்றுக்கோலைக் குறித்தது. பின்னர் கவராயத்தின் ஊன்றிய முனையையும், அம்முனை பதியும் வட்டத்தின் நடுப்புள்ளியையும் குறிக்கலாயிற்று. கிரேக்க வானநூல் வழியாக வடமொழிக்குச் சென்ற அதே சொல்தான் கேந்திரம். ஆகவே சென்டரைத் தவிர்ப்பதாக எண்ணிக் கேந்திரம் என்று எழுதுவோர், அதே சொல்லை வேறு வழியாக அழைத்துவருகிறார்கள்.

இந்த ஏற்பாடு தோன்றிய இடத்தில் அதன் பெயரில் சென்டர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1985-இல் சுவீடனின் ஹார்யேடாலன் பகுதியில், வெம்டாலன் என்னும் சிற்றூரில் திறக்கப்பட்ட நிலையத்துக்குத் தெலெஸ்தூகா என்று பெயரிட்டார்கள். ஸ்தூகா என்றால் குடில், சிறுவீடு. நகரங்களிலிருந்து விலகிய ஊர்களில் இருப்போர் கணினி பழகவும், ஊரை விட்டுப் போகாமலே வெளி வேலைகளைச் செய்யவும் அது உதவும் என்பது அமைத்தவர்களின் எண்ணம். ஆங்கிலம் இதை டெலிகாட்டேஜ் என்று பெயர்த்தது. 1990-களில் ஹங்கேரி, வீடு என்று பொருள்படும் ஹாஸ் என்ற தன் சொல்லைச் சேர்த்துத் தெலெஹாஸ் என்றது. அதே பத்தாண்டில் ஆப்பிரிக்க, ஆசிய, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் வளர்ச்சித் திட்டங்களுக்குள் இது நுழைந்தபோதுதான் டெலிசென்டர் என்ற பெயர் வேரூன்றியது. பொருளும் மாறியது: ஊரிலிருந்தபடி வெளி வேலை என்ற நோக்கம் பின்னுக்குப் போய், வாங்க இயலாத கருவியைப் பலரும் பகிர்ந்துகொள்ளுதல் என்ற நோக்கம் முன்னுக்கு வந்தது. 2003-இல் ஜெனீவாவில் நடந்த தகவல் சமூக உலக உச்சி மாநாடு, 2015-க்குள் ஊர்களை இணைத்துச் சமூக அணுகல் இடங்களை நிறுவுவதைத் தன் இலக்குகளில் ஒன்றாக அறிவித்தது.

ஒரு சொல்லுக்கு நிகர் தேடுமுன் அந்தப் பொருள் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பது நல்லது. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998-இல் புதுச்சேரியில் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தில், வில்லியனூரிலிருந்த நடுநிலையம் செய்திகளைத் திரட்டி, வானொலி அலைவழி இணைப்பின் மூலம் ஊர்களுக்கு அனுப்பியது. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய ஒளித் தகடுகள் இருந்தன. இடத்தை ஊரார் வாடகையின்றித் தர வேண்டும். அங்கே சாதி வேறுபாடின்றி யாரும் வந்துபோக இயல வேண்டும் என்பது நிபந்தனை. நடத்திய தன்னார்வலருள் பெரும்பாலோர் பெண்கள். மீனவ ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்துத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினியைத் தொட்டே பார்த்திராத ஒருவருக்கும் அந்தத் தகவல் கடற்கரையிலேயே காதில் விழுந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றிய செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் பூட்டியிருந்த நிலையத்தின் கதவை உடைத்து அங்கிருந்த ஒலிபெருக்கியில் அனைவரையும் வெளியேறச் சொன்னார்கள். அந்த அறை கூப்பிடு தூரத்தில் இருந்ததனால்தான் அது முடிந்தது.

இதனால்தான் ‘தொலைமையம்’ என்ற நேர்ப்பெயர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. அதைக் கேட்பவர் எங்கோ தொலைவில் உள்ள மையம் என்றே கொள்வார். டெலிசென்டரில் உள்ள டெலி உண்மையில் தொலைத்தொடர்பு என்பதன் சுருக்கம். தமிழில் ‘தொலை’ என்று மட்டும் குறுக்கினால் அந்தப் பொருள் நிற்பதில்லை. ‘இணைய மையம்’ கடையைக் குறித்துவிடும். ‘தகவல் மையம்’ பேருந்து நிலையத்து விசாரணைச் சாளரத்தை நினைவூட்டும். ‘சேவை மையம்’ அரசுச் சான்றிதழ் வாங்கும் இடமாகவே பலர் மனத்தில் பதிந்துவிட்டது. சான்றிதழ் இந்த நிலையத்தின் பணிகளில் ஒன்று மட்டுமே.

‘அறிவு மையம்’ என்பது மதிப்பான பெயர்தான். ஆயினும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கடலைப் பற்றிய அறிவு மீனவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாளைய அலை உயரம் எத்தனை மீட்டர் என்ற தகவல்தான் அவருக்கு வெளியிலிருந்து வர வேண்டும். அதைத் தம் அறிவோடு சேர்த்துக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அவரே. அறிவை நாங்கள் கொண்டுவருகிறோம் என்று பெயர்ப்பலகையே சொல்வது ஊராருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எனவே ‘ஊர்த் தகவலகம்’ என்பதை நான் முன்வைக்கிறேன். நூலகம், மருந்தகம், உணவகம் என வழங்கும் சொற்களின் வரிசையில் தகவலகம் இயல்பாக அமைகிறது. அகம் என்பது வீட்டையும் குறிக்குமாதலால், சுவீடியரின் குடிலும் ஹங்கேரியரின் வீடும் அதில் மீண்டும் இடம்பெறுகின்றன. ஊர் என்ற அடை, அது யாருக்கு உரியது என்பதைச் சொல்லிவிடுகிறது. கட்டுரைகளிலும் திட்ட ஆவணங்களிலும் முதன்முறை வருமிடத்தில் டெலிசென்டர் என்பதை அடைப்புக்குறிக்குள் தந்து, அடுத்தடுத்து ஊர்த் தகவலகம் என்றோ, இடம் தெளிவாயிருந்தால் தகவலகம் என்று மட்டுமோ எழுதலாம். வெம்டாலன் நிலையத்தைப் பற்றிப் பேசும்போது தெலெஸ்தூகா என்ற அதன் சொந்தப் பெயரையே வைத்துக்கொள்வது முறை.