கழுத்துக் கட்டி எல்லாமே டிபி இல்லை

கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, வலி இல்லை, சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், எடையும் குறைகிறது என்றால் நம் ஊரில் முதலில் டிபி என்றுதான் நினைப்போம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பயாப்சி எடுக்காமலேயே டிபி மாத்திரையை ஆரம்பித்து, மாதக்கணக்கில் விழுங்கியும் கரையவில்லை என்ற பிறகு எங்கள் லேபுக்கு வரும் கட்டிகளில் சில, ஹாட்ஜ்கின் லிம்போமாவாக இருக்கின்றன. நோய் எதிர்ப்பு அணுக்களிலேயே வரும் புற்றுநோய் இது.

மைக்ராஸ்கோப்பில், ஆந்தைக் கண் மாதிரி இரட்டை உட்கருவோடு பெரிய அணுக்கள் அங்கங்கே தெரியும். எல்எம்பி-1 என்ற புரதத்துக்கான ஸ்டெயின் போட்டால் பல ஸ்லைடுகளில், முக்கியமாகக் குழந்தைகளுடையதில், அந்த அணுக்கள் மட்டும் பழுப்பாகிவிடும். அந்தப் புரதம் நம்முடையதே இல்லை, எப்ஸ்டீன்-பார் வைரஸுடையது. உகாண்டா குழந்தைகளின் தாடைக் கட்டியிலிருந்து 1964-இல் லண்டனில் கண்டுபிடித்த வைரஸ் அது.

எச்சில் வழியாக உள்ளே வந்து பி அணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களில் ஆயுசுக்கும் ஒளிந்திருக்கும். பி அணு தன் இஷ்டத்துக்குப் பெருகாது, டி அணு என்ற இன்னொரு வகை எதிர்ப்பு அணு சொல்ல வேண்டும். அந்த உத்தரவை எல்எம்பி-1 யாரும் சொல்லாமலே, நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, அதனால் சாக வேண்டிய பழுதான அணுவும் பிழைத்துப் பெருகி, மேலும் மேலும் மரபணுப் பிழைகளைச் சேர்த்துக்கொள்கிறது.

பயப்பட வேண்டாம், பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த வைரஸ் இருக்கிறது, புற்றுநோய் வருவது மிகச் சிலருக்குத்தான், ஏனென்றால் டி அணுக்கள் காவல் காக்கின்றன. எச்ஐவி இருப்பவர்களுக்கும், கிட்னி மாற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அந்தக் காவல் தளர்வதால் லிம்போமா ஆபத்து கூடுதல். மற்றபடி புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது. தயவுசெய்து நோயாளிக்குத் தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்காதீர்கள்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயாப்சிக்கு மறுப்பவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு ஆறுவதில்லை. பரவாது. ஹாட்ஜ்கின் பெரும்பாலும் குணமாகிற நோய், சீக்கிரம் வந்தால் இன்னும் நல்லது. ஊசி டெஸ்டில் சில அணுக்கள்தான் வரும், லிம்போமா சந்தேகம் என்றால் முடிந்தவரை நெறியை முழுசாக எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் ஸ்டீராய்டு வேண்டாம், கட்டி சுருங்கி ரிசல்ட்டே குழம்பிவிடும். அப்புறம், டிபி சந்தேகமும் இருந்தால் ஒரு துண்டை, சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடாமல், சலைனில் (உப்பு நீரில்) தனியாக அனுப்பச் சொல்லுங்கள், ஃபார்மலினில் போட்டதை கல்ச்சர் செய்ய, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது.