தள்ளுபடியான சம்பள வழக்கைப் புதிதாகப் போடலாமா?

மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதியவர். பத்து மாதச் சம்பளம் பாக்கி. கோர்ட் கட்டணம் குறையட்டும் என்று ஆறு மாதத்துக்கு மட்டும் ராமநாதபுரத்தில் வழக்குப் போட்டிருந்தார். வேலை போனதால் விசைப்படகில் தொழிலுக்குப் போக ஆரம்பித்தார். வாய்தா நாளில் அவர் கடலில் இருந்தார். அவர் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை, முதலாளியின் வக்கீல் வந்திருந்தார். வழக்கு தள்ளுபடி. எட்டு மாதம் கழித்து வக்கீலான என்னிடம் வந்து, "சார், பத்து மாசத்துக்கும் சேத்துப் புதுசா ஒரு கேஸ் போட்டுருவோம்" என்றார்.

முடியாது என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. இப்படித் தள்ளுபடியானால் அதே காரணத்துக்குப் புது வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தராது. பழைய வழக்கையே திரும்ப எடுக்கச் சொல்லி அதே கோர்ட்டில் 30 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லி மன்னிப்பு மனுவும் சேர்க்க வேண்டும். அப்படித்தான் செய்தோம். ஆனால் விட்டுப்போன நாலு மாதச் சம்பளம்? வழக்குப் போட்ட அன்றே பாக்கியாக இருந்ததை அப்போதே கேட்டிருக்க வேண்டும். அப்படி விட்டதைத் தனி வழக்காகப் பிறகு கேட்க முடியாது. மிச்சம் பிடித்த கட்டணத்தைவிட இழந்த தொகை பல மடங்கு.

விசாரித்துத் தீர்ப்பாகிவிட்டால் கதவு இன்னும் இறுக மூடும். உத்தரப்பிரதேசத்தில் வேலைநீக்கமான ஒரு போலீஸ் உதவி ஆய்வாளர், தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தரவில்லை என்று ரிட் (அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு) போட்டுத் தோற்றார். அப்புறம், என்னை நீக்க அந்த அதிகாரிக்கு அதிகாரமே இல்லை என்று சிவில் வழக்குப் போட்டார். நல்ல வாதம்தான். ஆனால் முதல் வழக்கிலேயே அதைச் சொல்லியிருக்கலாமே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

வழக்கை வாபஸ் வாங்குவதிலும் கவனம் தேவை. "பேசி முடிச்சுக்கலாம்" என்று முதலாளி தரப்பு சொன்னதை நம்பி வாபஸ் வாங்குகிறார்கள், பணம் வருவதில்லை. மறுபடி வழக்குத் தொடர அனுமதி கேட்டு, அது உத்தரவில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே திரும்ப வரலாம். பணம் கைக்கு வரும்வரை வாபஸ் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த வழக்கை விசாரிக்க அந்தக் கோர்ட்டுக்கு அதிகார வரம்பு இல்லை என்று மட்டும் திருப்பி அனுப்பியிருந்தால் நிலைமை வேறு. சரியான நீதிமன்றத்துக்குப் போகலாம். முதல் வழக்கை நல்லெண்ணத்தோடு, அக்கறையாக நடத்தியிருந்தால் அங்கே செலவான காலத்தை, வழக்குப் போடுவதற்கான கெடுவில் சேர்க்காமல் காலவரம்புச் சட்டம் கழித்துக்கொடுக்கும். அதனால் வக்கீலைப் பார்க்க வரும்போது தள்ளுபடி உத்தரவின் நகலைக் கையோடு கொண்டுவாருங்கள். எதற்காகத் தள்ளுபடி என்பது அதில்தான் இருக்கும்.