தம் கட்டும் முன் பத்து மூச்சு

மாலை நேரத்து மாநகராட்சி நீச்சல் குளம். கரையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் புஸ் புஸ்ஸென்று மூச்சை இழுத்து விடுகிறான். பத்து, பன்னிரண்டு தடவை. பிறகு கன்னம் உப்ப ஒரு பெரிய மூச்சு, முங்கிவிட்டான். உள்நீச்சலிலேயே அக்கரையைத் தொட வேண்டும் என்று நண்பர்களோடு பந்தயம். நீச்சல் தெரியாதவர்களைத்தான் குளம் விழுங்கும் என்று நினைக்கிறோம். இந்த வகை விபத்தில் சிக்குபவர்களோ பெரும்பாலும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்.

அந்தப் பத்து மூச்சில் ஆக்சிஜனைச் சேர்த்துவைத்துவிட்டதாக அவன் நம்புகிறான். சேர்த்துவைக்க இடம் ஏது? சாதாரணமாக மூச்சு விடும்போதே தமனி ரத்தத்தின் ஹீமோகுளோபினில் 97, 98 சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கும். எவ்வளவு ஊதினாலும் கூடுவது சொற்பம். மளமளவென்று குறைவது கார்பன் டை ஆக்சைடு. ரத்தத்தில் அதன் அழுத்தம் வழக்கமாக 40 மில்லிமீட்டர் பாதரசம். வேக மூச்சு அதைப் பாதியாகக்கூட இறக்கிவிடும். விரல் நுனியும் உதட்டோரமும் சுருசுருவென்று ஊறுவது அதனால்தான்.

இங்கேதான் வினை. தம் கட்டியிருக்கும்போது இனி முடியாது என்று நெஞ்சு முட்டுகிறதே, அது ஆக்சிஜன் தீர்ந்த சேதி அல்ல. கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துவிட்ட சேதி. குப்பைக்கூடை நிரம்புவதைப் பார்த்துத்தான் உடல் கூச்சல் போடுகிறது, அரிசிப் பானை காலியாவதைப் பார்த்து அல்ல. கழுத்துத் தமனியில் ஆக்சிஜனைக் கவனிக்கும் உணர்விகளும் உண்டு. ஆனால் அளவு வெகுவாகச் சரிந்த பிறகே அவை உரக்கப் பேசும்; கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருந்தால் அந்தக் குரலும் அமுங்கிவிடும்.

நம் பையன் கூடையை முன்கூட்டியே கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான். கால்கள் உதைக்க உதைக்க ஆக்சிஜன் கரைகிறது, கூடையோ நிரம்பவில்லை. மூச்சு முட்டவே இல்லையே என்று அவனுக்கு உற்சாகம்கூட வரலாம். அந்த உற்சாகத்தின் நடுவிலேயே நினைவு தப்பிவிடும். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆல்பர்ட் கிரெய்க், இப்படி மயங்கிப் பிழைத்தவர்களின் அனுபவங்களைத் திரட்டி 1961இல் எழுதினார். பலரும் முங்குவதற்கு முன் வேகமாக மூச்சு விட்டவர்கள். இவ்வளவு தூரம் போயே தீருவது என்று இலக்கு வைத்திருந்தவர்கள்.

ஆழம் இதில் பொருட்டே இல்லை. எழுந்து நின்றால் இடுப்பளவுதான் வரும் தண்ணீரிலும் இது நடக்கும். கை கால் உதறல் இல்லை, கூச்சல் இல்லை. மயங்கிய உடல் தானாக மூச்சை இழுக்கும்போது நுரையீரலுக்குள் தண்ணீர் போகிறது. மேலிருந்து பார்ப்பவருக்கு யாரோ அடியில் விளையாட்டாகக் கிடப்பதுபோலத்தான் தெரியும். தம் கட்டும் போட்டிகளைக் குளக் காவலர்கள் விசிலடித்துத் தடுப்பதைக் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

அசையாமல் கிடப்பவரை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நிற்காமல் உடனே தூக்குங்கள். ஆம்புலன்ஸுக்கு 108ஐ ஒருவர் அழைக்கட்டும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்று கொடுத்து, பிறகு மார்பை அழுத்த வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தோளில் போட்டுச் சுற்றுவதும் நம் ஊரில் இன்னும் நடக்கின்றன. மூளைக்குக் காற்று வேண்டிய அந்த ஓரிரு நிமிடங்கள் அதிலேயே போய்விடுகின்றன.