சோயா சாஸ் கடை தடுப்பூசிக்கு வந்த வழி

கோவிட் காலத்தில் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் கோடிக்கணக்கில் தயாரானபோது, அவற்றுக்கு வேண்டிய ஒரு முக்கிய மூலப்பொருளைக் கொடுத்தவர்களில் ஒரு சோயா சாஸ் கம்பெனியும் உண்டு. பெயர் யமாசா. டோக்கியோவுக்குக் கிழக்கே, தோனே ஆறு கடலில் கலக்கும் சோஷி என்ற ஊரில் ஹமாகுச்சி குடும்பம் 1645-ல் தொடங்கிய தொழில் அது. இன்றும் முக்கிய வியாபாரம் சோயா சாஸ்தான்.

ஜப்பானில் இப்படிப்பட்ட கிழட்டு நிறுவனங்கள் ஏராளம். நூறு வயதைத் தாண்டியவை மட்டும் 33,000-க்கும் மேல். 2008-ல் கொரிய மத்திய வங்கி 41 நாடுகளில் எண்ணிப் பார்த்ததில், 200 ஆண்டைக் கடந்தவை 5,586 தேறின. அதில் 3,146 ஜப்பானில் இருந்தன. “பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறார்கள்” என்று இதற்கு எல்லோரும் ஒரு காரணம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. எதைக் காப்பாற்றுகிறார்கள், எதைக் கைவிடுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. யமாசாவின் கதையில் அது நன்றாகத் தெரிகிறது.

முதலில் சோயா சாஸ். வேகவைத்த சோயா, வறுத்து உடைத்த கோதுமை இரண்டையும் கலந்து அதில் ஒரு பூஞ்சையை வளர்க்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் அது முழுக்கப் பரவிவிடும். அப்புறம் உப்புநீரில் போட்டு மாதக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். பூஞ்சை சுரந்த நொதிகள் சோயாவின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. அதில் வெளிவரும் குளூட்டமேட்தான் உமாமி என்ற, சூப் போன்ற அந்தச் சுவைக்கு முக்கியக் காரணம். ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா 1908-ல் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்ததும் இதையேதான். நம் கடைகளில் அஜினோமோட்டோவாக விற்பதும் இதன் உப்புதான். ஆக, சோயா சாஸ் காய்ச்சுகிற குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது, நொதிகளைக் கொண்டு பெரிய மூலக்கூறுகளை வெட்டும் வேலை. அந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், கைப்பழக்கம் இருந்தது.

1950களில் யமாசாவின் ஆய்வுக்கூடத்தில் இருந்த அகிரா குனினாகா, இதே வெட்டும் வேலையை ஆர்என்ஏவில் செய்து பார்த்தார். ஆர்என்ஏ என்பது நியூக்ளியோடைடுகள் கோத்த நீண்ட சங்கிலி. அதை வெட்டும்போது பாஸ்பேட் எந்தப் பக்கம் ஒட்டிக்கொள்கிறது என்பது முக்கியம். சர்க்கரையின் மூன்றாவது கார்பனில் ஒட்டினால் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. ஐந்தாவது கார்பனில் ஒட்டினால், சில நியூக்ளியோடைடுகள் உமாமியைக் கொடுக்கும். சரியான இடத்தில் வெட்டும் நொதி வேண்டும் என்று தேடி, பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையில் அதைக் கண்டுபிடித்தார். ஷீட்டாகே காளானில் இருக்கும் குவானிலேட் என்ற நியூக்ளியோடைடும் உமாமிச் சுவை உடையது என்று காட்டியவர் அவர். இன்னொன்றும் கண்டார்: குளூட்டமேட்டுடன் இந்த நியூக்ளியோடைடுகளைச் சிறிது சேர்த்தால், சுவை வெறுமனே கூடாமல் பல மடங்காகப் பெருகுகிறது. காரணம் பின்னால்தான் தெரிந்தது. நாக்கின் சுவை ஏற்பியில் குளூட்டமேட் உட்கார்ந்ததும் ஏற்பி மூடிக்கொள்கிறது. நியூக்ளியோடைடு பக்கத்தில் வந்து அமர்ந்து, அது திறந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சிப்ஸ் பாக்கெட்டின் பின்பக்கம் 627, 631 என்று எண்கள் இருந்தால் பாருங்கள், இந்த நியூக்ளியோடைடுகளின் உப்புகள்தான் அவை.

ஆர்என்ஏவை வெட்டி, பிரித்து, சுத்தம் செய்யத் தெரிந்த கம்பெனிக்கு அடுத்த படி மருந்து மூலப்பொருள். யமாசா பலவகை நியூக்ளியோசைடுகளை, அதாவது பாஸ்பேட் இல்லாத நியூக்ளியோடைடுகளை, தயாரிக்கத் தொடங்கியது. அதில் சூடோயூரிடினும் ஒன்று. 2005-ல் விஞ்ஞானிகள் காதலின் காரிகோவும் ட்ரூ வைஸ்மனும், ஆர்என்ஏவில் வழக்கமாக இருக்கும் யூரிடினுக்குப் பதிலாக சூடோயூரிடினை வைத்தால் உடலின் நோயெதிர்ப்புக் காவல் அதை அந்நியன் என்று அடித்துத் துரத்துவதில்லை என்று காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். தடுப்பூசிகளில் சேர்வது இதிலிருந்து சற்றே மாற்றிய வடிவம். ஆக, உலகத்துக்கு அந்தப் பொருள் அவசரமாகத் தேவைப்பட்டபோது, அந்த வேலை தெரிந்த கைகள் ஒரு சோயா சாஸ் ஊரில் தயாராக இருந்தன.

சரி, திறமை கைமாறிய வழி இது. குடும்பம் கைமாறிய வழி இன்னும் விசித்திரமானது. ஹமாகுச்சி குடும்பத்தின் தலைவர்கள் பொறுப்பேற்கும்போது “ஹமாகுச்சி கிஹெய்” என்ற பெயரையும் ஏற்பது வழக்கமாக இருந்தது. ஏழாவது கிஹெய், கிளைக் குடும்பத்தில் பிறந்து 12 வயதில் மூலக் குடும்பத்துக்குத் தத்து வந்தவர். அவரை ஹமாகுச்சி கொர்யோ என்றால் ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1854-ல் பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் சுனாமி வந்தபோது, தன் சொந்த ஊரில் வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்து, இருட்டில் தவித்த மக்களுக்கு மேட்டுக்குப் போகும் வழி காட்டியவர். பிறகு சொந்தப் பணத்தில், ஊர் மக்களுக்குக் கூலி கொடுத்து, சுமார் 600 மீட்டர் நீளத்துக்குத் தடுப்புக் கரை எழுப்பினார். 1946 சுனாமியில் அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. நவம்பர் 5 உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக ஆனது அவர் தீ மூட்டிய அந்த நாளை வைத்துத்தான். பழைய ஜப்பானிய நாட்காட்டிப்படி அது பதினொன்றாம் மாதம் ஐந்தாம் நாள்.

தத்து என்றதும் நமக்குக் குழந்தைதான் நினைவுக்கு வரும். ஜப்பானில் தத்தெடுக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் வளர்ந்த ஆண்கள். வாரிசு சரியில்லை என்றாலோ, மகள் மட்டும் இருந்தாலோ, கெட்டிக்கார இளைஞன் ஒருவனுக்கு மகளைக் கட்டிக்கொடுத்து, அவனையே சட்டப்படி மகனாக்கி, குடும்பப் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். மாருதியோடு கைகோத்து நம் ஊர்ச் சாலைகளை மாற்றிய ஒசாமு சுசுகி பிறப்பால் மட்சுதா. சுசுகி வீட்டு மருமகனாகி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டவர். 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு விற்கத் தொடங்கிய நின்டெண்டோவின் இரண்டாவது தலைவரும் இப்படித் தத்து வந்த மருமகன்தான்.

இது பலன் தருகிறதா? ஜப்பானின் போருக்குப் பிந்தைய பங்குச் சந்தை நிறுவனங்களை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, தத்து வாரிசுகள் நடத்தியவை ரத்த வாரிசுகள் நடத்தியவற்றைவிட நன்றாகச் செயல்பட்டன என்று கண்டது. வெளியிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது ஒரு காரணம். “சரியில்லை என்றால் இடம் போய்விடும்” என்ற பயம் பெற்ற பிள்ளைக்கும் இருக்கும் என்பது இன்னொன்று. எனக்கு இதுதான் சுவாரசியம். இன்னொரு சோயா சாஸ் கம்பெனியான கிக்கோமன் வேறொரு வழி வைத்திருக்கிறது. நோதா வட்டாரத்தின் எட்டுக் குடும்பங்கள் 1917-ல் சேர்ந்து உருவானது அது. தலைமுறைக்கு ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர்தான் கம்பெனிக்குள் வரலாம். வந்துவிட்டால் உயர்பதவி நிச்சயம் என்ற உத்தரவாதமும் கிடையாது. பங்காளிச் சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் இருந்தும் விழுந்தவர்கள் உண்டு. கி.பி. 578-ல் ஒசாகாவின் ஷிதென்னோஜி கோயிலைக் கட்ட வந்த தச்சர் குடும்பத்தின் கொங்கோ குமி, உலகின் மிகப் பழைய நிறுவனம் என்று பெயர் பெற்றது. 1930களில் தலைவர் இறந்தபோது அவர் மனைவி யோஷியே பொறுப்பேற்று நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் கோயில் வேலை நின்றபோது மரப்பெட்டி செய்து பிழைத்தார்கள். ஆனால் 1980களில் நிலத்தின் விலை எகிறியபோது மனை வாங்கிப் போட்டார்கள். விலைக் குமிழி வெடித்தது, கடன் மட்டும் மிஞ்சியது. 2006-ல் வேறொரு கட்டுமான நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. தச்சர்கள் இன்றும் கோயில் கட்டுகிறார்கள், உரிமை மட்டும் குடும்பத்திடம் இல்லை. யமாசாவும் புதிய தொழிலுக்குப் போனது, கொங்கோ குமியும் போனது. முன்னது தனக்குத் தெரிந்த வேலையின் நீட்சி. நிலம் வாங்குவதற்குத் தச்சு தெரிய வேண்டியதில்லை.

இப்படி எழுதும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். நாம் பார்ப்பது பிழைத்தவர்களை மட்டும். இதே விதிகளைப் பின்பற்றியும் மூடிப்போன கடைகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. பிழைத்தவற்றிலும் பெரும்பாலானவை சிறியவை: விடுதி, சாகே என்ற அரிசி மது வடிப்பவை, இனிப்புக் கடை. இப்போது அவற்றுக்குப் பெரிய தலைவலி ஆள் கிடைக்காததுதான். 2025-க்குள் 70 வயதைத் தாண்டும் சிறு, நடுத்தர முதலாளிகள் சுமார் 24.5 லட்சம் பேர், அவர்களில் பாதிப் பேருக்கு வாரிசு முடிவாகவில்லை என்று ஜப்பான் அரசு கணக்கிட்டது. வாரிசு வரியோ 55 சதவீதம் வரை போகும். 2018-ல் கம்பெனிப் பங்குகளைக் கைமாற்றும்போது அந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகையை விரிவாக்கினார்கள். கம்பெனியை வெளியாருக்கு விற்பது முன்பு வெட்கக்கேடாகக் கருதப்பட்டது. இப்போது அரசே அதற்கு ஆலோசனை மையங்கள் நடத்துகிறது. மருமகனைத் தேடி அலையாமல், மகளையே தலைவராக்கும் வீடுகளும் இருக்கின்றன. 1,400 ஆண்டுப் பழமை கொண்ட தச்சர் குடும்பமே யோஷியேயை ஏற்றுக்கொண்டது என்பதால், இதில் பாரம்பரியத்துக்கு எதிரானது என்று ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.