எந்த எழுத்தை ஏற்கக் கூடாது?

கோப்புப் பெயரை இப்படி அமை என்று பயனர் ஒரு வடிவம் கொடுப்பார். சதவீதக் குறியும் அதையடுத்து ஓர் எழுத்தும். ஆண்டுக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று. கருவி எழுதுகிறவர்கள் எவற்றை ஏற்கலாம் என்று நிறைய யோசிக்கிறார்கள். தெரியாத எழுத்து வந்தால்? அப்படியே அச்சிட்டுவிட்டுப் போவதே பலரின் வழக்கம். நாளையும் நேரத்தையும் காட்டும் லினக்ஸின் டேட் கட்டளையும் அப்படித்தான்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்று சும்மா விட்ட எழுத்துக்கு நாளை ஒரு பொருள் கொடுத்தால், யாரோ ஒருவருடைய ஸ்கிரிப்ட் உடையும். இன்றே மறுத்தால் அந்த எழுத்து நம் கையில் இருக்கும்.

தெரிந்த எழுத்துகள்தான் பெரிய தலையிடி. திருகோணமலை உப்புவெளியில் ஒரு விடுதி. முன்பதிவுத் தரவை தினமும் இரவு 11.10க்கு பேக்கப் எடுக்கிறார்கள். பெயர் வடிவத்தில் ஆண்டு, பெரிய எம், நாள். சிறிய எம் மாதம், பெரிய எம் நிமிடம். ஒக்டோபரில் தொடங்கியதால் நடுவில் 10 சரியாகவே தெரிந்தது. நவம்பரிலும் அதே 10. நவம்பர் 1ஆம் திகதிக் கோப்பு ஒக்டோபர் 1ஆம் திகதியின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

"அண்ணை, ஒவ்வொரு நாளும் ஃபைல் வருகுதுதானே?" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. வருகிறதுதான்.

இரண்டு எம்மும் செல்லுபடியானவை. ஆனால் மணி இல்லாமல் நிமிடம் மட்டும் உள்ள கோப்புப் பெயர் யாருக்கு வேண்டும்? மறுத்துவிடுங்கள். வேண்டுமென்றே கேட்பவருக்குத் தனி ஆப்ஷன் வைத்தால் போகிறது. பெரிய டி (%D) தரும் திகதி சாய்கோடுகளோடு வரும். பெயருக்குள் சாய்கோடு என்றால் கோப்புறை. பெரிய ரி (%T) தரும் நேரத்தில் முக்காற்புள்ளி வரும், கோப்புப் பெயரில் அதை விண்டோஸ் ஏற்காது. லொக் வரிக்கு இவை சரி, கோப்புப் பெயருக்கு வேண்டாம்.

சி மொழியில் எழுதுவோர் பயனர் தந்த சரத்தை, அச்சிட உதவும் பிரின்ட்எஃப்புக்கு நேரே வடிவமாகக் கொடுக்கவே கூடாது. அங்கே %என் அச்சிடாது, நினைவகத்தில் எழுதும். நிரலின் பெயரையே வடிவமாக எடுத்துக்கொள்ளும் ஓட்டை 2012இல், நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை ஓட்டும் சூடோவிலேயே வெளிப்பட்டது. பைத்தான் மொழியில் சரங்களை வடிவமைக்கும் ஃபார்மட்டில் புள்ளியும் சதுர அடைப்பும் பொருளின் உள்வீடு வரை போக விடும். வெறும் பெயரை மட்டும் அனுமதியுங்கள். ஏற்பவற்றைத்தான் பட்டியலிட வேண்டும். மறுப்பவற்றைப் பட்டியலிடப் போனால் ஒன்று எப்படியும் விடுபடும்.

மறுப்பு என்பது, வேலை தொடங்குமுன், ஒரு கோப்பைக்கூடத் தொடாமல் வர வேண்டும். எத்தனையாவது இடத்தில் எந்த எழுத்து என்று செய்தி சொல்லட்டும். நிரல் முடியும்போது தரும் வெளியேறும் குறியீடு பூச்சியமாக இருந்தால் அதை இரவில் ஓட்டும் ஸ்கிரிப்ட் எல்லாம் நல்லபடி முடிந்ததென்று எடுத்துக்கொள்ளும். அப்புறம், இரட்டைச் சதவீதக் குறி எப்போதும் செல்லும். கடைசியில் தனித்து நிற்கும் ஒற்றைக் குறி செல்லாது.