கரன்சி போர்டு = நாணய வாரியம்

மைய வங்கி நினைத்தபடி பணம் அச்சிடாதவாறு சட்டத்தால் கட்டிப்போடும் ஏற்பாடு இது. விதிகள் மூன்று. வெளியிட்ட பணம் முழுவதற்கும் ஈடாக வெளிநாட்டுச் செலாவணி கையிருப்பில் இருக்கவேண்டும். சட்டத்தில் குறித்த விலைக்கு, கேட்பவருக்கு மாற்றித் தரவேண்டும். அரசுக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

‘கரன்சி’ ஓடுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘போர்டு’ முதலில் பலகை, பிறகு மேசை, பிறகு அதைச் சுற்றி அமர்ந்து முடிவெடுப்போர். பிரித்தானியக் குடியேற்றங்களில் வளர்ந்த முறை இது; மொரீஷியஸில் 1849இல் தொடங்கியது. இலங்கையிலும் 1884 முதல், 1950இல் மத்திய வங்கி தோன்றும்வரை நடந்தது.

பல்கேரியாதான் இதற்கு நல்ல பாடம். 1995 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்த அந்நாட்டில், நட்டத்தில் ஓடிய அரசு ஆலைகளுக்கு வங்கிகள் கடனை வாரிக் கொடுத்திருந்தன. வங்கிகளைக் காக்க மைய வங்கி பணம் அச்சிட்டது. 1997 பிப்ரவரியில் ஒரே மாதத்தில் விலைகள் மூன்று மடங்குக்குமேல் ஏறின. 1997 ஜூலை 1 முதல், அந்நாட்டுப் பணமான லெவ் 1,000 கொடுத்தால் ஒரு ஜெர்மன் மார்க் என்று சட்டம் விலையை நிலைநிறுத்தியது. மார்க் உள்ளே வந்தால் லெவ் பிறக்கும். வெளியே போனால் லெவ் சுருங்கி வட்டி ஏறும். அடுத்த ஆண்டுக்குள் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ஆனால் வாரியம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. நலிந்த வங்கிகளை மூடியதும், ஆலைகளை விற்றதும், வரவுக்குள் செலவை அடக்கியதும் சேர்ந்தே பலன் தந்தன. 1999இல் மூன்று சுழியங்களை நீக்கினார்கள். மார்க்கின் இடத்துக்கு யூரோ வந்ததால், ஒரு யூரோவுக்கு விலை 1.95583 லெவ் ஆனது. 2007இல் ஒன்றியத்தில் சேர்ந்து, 2026 ஜனவரி 1 அன்று யூரோவுக்கு மாறியபோதும் அதே விலைதான்.

அர்ஜென்டினாவின் 1991 ஏற்பாடு இதைப் போன்றதே, ஆனால் தளர்வானது. கையிருப்பின் ஒரு பகுதியை அரசின் சொந்தக் கடன் பத்திரங்களாகவே வைக்க இடம் கொடுத்தது. பற்றாக்குறையும் அடங்கவில்லை. 1999இல் பிரேசில் தன் பணமதிப்பைக் குறைத்ததும் அர்ஜென்டினாவின் ஏற்றுமதி அடிவாங்கியது. 2002 ஜனவரியில் எல்லாம் முறிந்தது.

தமிழில் ‘நாணய வாரியம்’ என்பதே பொருந்தும். உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே ஏரி வாரியமும் பொன் வாரியமும் உண்டு. ‘நாணயச் சபை’ என்று எழுதவேண்டாம். இலங்கையில் அது மத்திய வங்கியை ஆண்ட குழுவின் பெயர். ‘நிலையான மாற்று விகிதம்’ என்பதும் போதாது. அந்த விகிதத்தை அரசு ஓர் அறிவிப்பில் மாற்றலாம்; வாரியத்தின் விலையை மாற்றச் சட்டத்தையே திருத்தவேண்டும்.