ஒரு கைப்பிடிக் கடலையும் ஒரு கொய்யாவும்

வெந்தயத்தை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் தொட்டுப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பு நீரில் கரையும் நார்ச்சத்து. முருங்கைக்காயை மென்று துப்புகிறோமே, அந்தச் சக்கை கரையாத நார்ச்சத்து. இரண்டையும் செரிக்கும் நொதி நம் உடம்பில் கிடையாது.

செரிக்காததால்தான் அதற்கு இவ்வளவு வேலை. கரையும் நார் சிறுகுடலில் கூழ்போலாகி, சோற்றிலிருந்து வரும் சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களையும் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. அவற்றைப் புதிதாகத் தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்வதால் அதன் அளவு இறங்குகிறது. மிச்ச நார் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். நாம் நார் சாப்பிடாவிட்டால் அந்தச் செல்களுக்குத்தான் பட்டினி. கரையாத நார் மலத்தை இளக்கி நகர்த்துகிறது.

சரி, எவ்வளவு வேண்டும்? பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீட்டிய அரிசி 100 கிராமில் 3 கிராம்கூட இல்லை. தட்டு நிறைய சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் என்று சாப்பிட்டால் இந்தக் கணக்கு எட்டவே எட்டாது. சோற்றைக் குறைத்துப் பொரியலையும் கூட்டையும் கூட்ட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

விலை உயர்ந்த ஓட்ஸ் பாக்கெட் எதுவும் தேவையில்லை. தோலுள்ள கறுப்புக் கொண்டைக்கடலை 50 கிராமை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் சுமார் 12 கிராம் நார் கிடைக்கும். பெரிய கொய்யா ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம். கேழ்வரகு மாவு 100 கிராமில் 11 கிராம். பழையசோற்றிலும் கொஞ்சம் உண்டு: வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறி, நாரைப்போலவே பெருங்குடல் வரை போகிறது. ஆனால் பழத்தை ஜூஸ் போட்டு வடிகட்டினால் நாரில் பெரும்பகுதி குப்பைக்குத்தான்.

ஒரே நாளில் ஏற்றிவிட வேண்டாம். பாக்டீரியாக்கள் நாரை நொதிக்கவைக்கும்போது வாயு வரும், வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள். அப்புறம் தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள். அது குறைந்தால் மலச்சிக்கல் தீருவதற்குப் பதில் கூடிவிடும்.